குறைந்து கிடந்த உப்பு

மேலைமலையின் தோளில் கதிரவன் சாய்ந்து, காட்டாற்றின் நீர்ப்பரப்பெங்கும் செம்பொன் குழம்பைக் கொட்டியிருந்த அந்தியம்பொழுதில், ஆற்றின் நடுவே கிடந்த அகன்ற கரும்பாறையை உப்பு வணிகன் மகள் சேந்தி கலங்கிய கண்களோடு நோக்கி நின்றாள்.

வாசகர்களே, அந்தப் பாறையின் வழக்கத்தை நீங்கள் அறிய வேண்டும். மலைக்குடியினர் தேனையும் மிளகையும் அதன்மேல் வைத்துப் பறை முழக்கிவிட்டு மறைவார்கள். கடற்கரை வணிகர் வந்து ஈடாக உப்பைக் குவித்துவிட்டு விலகுவார்கள். குவியல் நிறைவாகத் தோன்றினால் மலையவர் இறங்கி வந்து எடுப்பார்கள். குறைந்தால் இறங்கவே மாட்டார்கள். முகம் பார்ப்பதில்லை, பேச்சில்லை, காசில்லை, மோசமும் இல்லை. நாகரிகம் முற்றிய நம் நகரங்களில் இப்படியொரு கடைத்தெரு உண்டா, சொல்லுங்கள்!

ஆறாண்டுகளாகத் தேன்குடத்தின் வாயில் ஒரு காந்தள் மலரைச் செருகி வைத்தவன் எவனோ, அவன் முகத்தைச் சேந்தி கண்டதில்லை. காணாமலேயே மனத்தைப் பறிகொடுத்துவிட்டாள், பேதை.

இன்றோ நாணற்புதரில் வேல்வீரர்கள் பதுங்கியிருந்தார்கள். திறையைப் பொற்காசாகவே செலுத்த வேண்டுமென்ற புதிய அரசாணைக்கு மலைநாடு பணியவில்லை. காசையே கண்டறியாதவர்கள் அதற்கு எங்கே போவார்கள்? ஒருவனைப் பிடித்தால் மலைப்பாதை தெரிந்துவிடுமென்று எண்ணிய தண்டநாயகர் அரிஞ்சிகை வேளார், சேந்தியின் தந்தைக்கு விலங்கிட்டு உடன் இழுத்து வந்திருந்தார்.

“வழக்கம்போல் உப்பை வை, பெண்ணே. கூச்சலிட்டாயானால் தந்தையை உயிரோடு காணமாட்டாய்.”

“ஆணைப்படியே, ஐயா.”

ஏழு மூட்டை கொட்ட வேண்டிய இடத்தில் இரண்டையே கொட்டினாள். மற்றவை ஆற்றில் கரைந்துவிட்டன என்றாள், வேளாரும் நம்பினார். ஐந்து மூட்டைகளோ வண்டி வைக்கோலுக்கடியில் கிடந்தன. இத்தனை குறைவைக் கண்டால் அவன் இறங்கமாட்டான், பிழைத்துக்கொள்வான்!

நெடுநேரம் சருகும் அசையவில்லை. சேந்தி நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அப்போது, தோளில் தினைமூட்டையும் கையில் காந்தள் செருகிய இன்னொரு தேன்குடமுமாக நெடிய இளைஞன் ஒருவன் பாறைக்கு இறங்கி வந்தான். மறுகணம் வேல்கள் அவனைச் சூழ்ந்தன.

“ஐயோ! ஏன் வந்தீர்கள்? உப்பு குறைந்திருந்ததைப் பார்க்கவில்லையா?” என்று அலறினாள் சேந்தி.

“பார்த்தேன், நங்காய். இத்தனை ஆண்டுகளில் நீங்கள் ஒரு பிடியும் குறைத்ததில்லை. வீட்டில் ஏதோ பெருந்துன்பமென்று எண்ணினேன். அதனால்தான் தினையும் கொண்டுவந்தேன்.”

அவன் மார்பில் கிடந்த புலிப்பல் தாலியை வேளார் வேல்முனையால் தூக்கிப் பார்த்து நகைத்தார்.

“ஒரு வேடன் போதுமென்றிருந்தேன். மலைவேந்தன் அந்துவனே வந்து அகப்பட்டான்!”

ஆம், புலிப்பல் தாலி அணிபவன் தலைவன்; தன் குடிகளின் உப்பைத் தலைவனே சுமப்பது அம்மலையின் மரபு.

“என்னைக் கொண்டுபோங்கள்,” என்றான் அந்துவன். “உப்பை மட்டும் மேலே போகவிடுங்கள். மழைக்காலத்துக்கு இறைச்சியை உப்பிட்டு வைக்காவிட்டால் எங்கள் குழந்தைகள் பட்டினி கிடப்பார்கள்.”

“உன் குடிகள் பொன்னோடு வரட்டும், தருகிறோம்.”

தந்தையின் விலங்கைக் கழற்றினார்கள். அந்துவனுக்கு அதையே பூட்டினார்கள். பாதி வீரர்கள் அவனை இழுத்துச் செல்ல, மீதிப்பேர் மறுபடி புதருக்குள் பதுங்கினார்கள்.

சேந்தி வண்டிக்கு ஓடி ஒரு மூட்டையின் முடிச்சில் கைவைத்தாள். அங்கேயே கை நின்றுவிட்டது. குவியல் நிறைந்தால் எஞ்சியவர்களும் இறங்கி வருவார்களே!

மலைமேல் பறை ஒலித்தது. தலைவன் அகப்பட்டதை அறியாமல் உப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அவிழ்க்கவும் மாட்டாமல், விடவும் மாட்டாமல், அந்த முடிச்சைப் பிடித்தபடியே அவள் அழுதுகொண்டிருந்தாள்.