மழைக்கோட்டுக்கு வைத்த பரீட்சை

விஷ்ணுப்ரியா அடித்த பந்து இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. அவள் போட்டிருந்த மழைக்கோட்டுதான் பறந்துபோய் மரத்தில் மாட்டிக்கொண்டது.

இது நடந்தது போன மாதம், சிறுவர் கோல்ஃப் போட்டியில். அது பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு. மட்டையை ஓங்கியதும் அக்குளில் ‘டர்ர்’ என்று கிழிந்தது. வீசிய காற்று மிச்சத்தையும் உருவிக்கொண்டு போய்விட்டது. தொப்பலாக நனைந்து, பல் தந்தியடிக்க, கடைசி ஆளாக ஆடி முடித்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

விஷ்ணுப்ரியாவுக்கு வயது பதினொன்று. வீடு மலேசியாவின் கிள்ளானில். அப்பா லோகனுக்கு ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை. விளையாட வருகிறவர்கள் ஏறிப் போகும் சின்ன மின்சார வண்டிகளைப் பழுது பார்ப்பார். பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவாள் விஷ்ணுப்ரியா. அப்பா வேலை முடிக்கும்வரை பயிற்சித் திடலில் பந்தடிப்பாள். அப்படி அடித்து அடித்தே போட்டிக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

வரும் சனிக்கிழமை காஜாங்கில் அடுத்த போட்டி. டிசம்பர் மாதம், மழை வராமல் இருக்காது. இடி மின்னல் என்றால் சைரன் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார்கள். வெறும் மழைக்கு நிறுத்த மாட்டார்கள்.

“அப்பா, இந்தத் தடவை எனக்கு நல்ல பாஜு ஹுஜான் வேணும்” என்றாள்.

“என்னோடது இருக்கே!” என்று அப்பா தமது மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டை எடுத்து வந்தார். “எட்டு வருஷமா போடுறேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனதில்ல, தெரியுமா?”

விஷ்ணுப்ரியா அதைப் போட்டுக்கொண்டாள். கோட்டின் கை அவள் முழங்கால்வரை தொங்கியது. மடித்துவிட்டு மட்டையை ஓங்கினாள். ‘கரக் முரக்’ என்று எழுந்த சத்தத்தில், வாசலில் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பூனை எழுந்து ஓடியது. விடாமல் பத்து முறை ஓங்கிப் பார்த்தாள். கோட்டைக் கழற்றியபோது சட்டை முழுக்க வேர்வை.

“அப்பா, மழையே பெய்யல. ஆனா நான் நனைஞ்சிட்டேன்!”

அம்மா புஷ்பவல்லி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“சரி, சரி. நாளைக்கு வேலை முடிஞ்சதும் பிரிக்பீல்ட்ஸ் போறோம்” என்றார் அப்பா.

மறுநாள் மாலை கொமுட்டர் ரயிலில் போனார்கள். அப்பாவுக்குத் தெரிந்த ஜெயமாலா ஆன்டியின் விளையாட்டுப் பொருள் கடை நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

“மழையில கோல்ஃபா? இந்தா, உனக்குன்னே வந்த மாதிரி இருக்கு” என்று ஆன்டி ஒரு கோட்டை விரித்துக் காட்டினார். பளபளக்கும் இளஞ்சிவப்பு. முதுகில் பெரிய பட்டாம்பூச்சி.

அழகாகத்தான் இருந்தது. விஷ்ணுப்ரியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: “போட்டு அடிச்சுப் பாக்கலாமா ஆன்டி?”

“பாரு லா, அதுக்கென்ன!”

அங்கிருந்த குடை ஒன்றை மட்டைபோலப் பிடித்து ஓங்கி வீசினாள். பக்கத்தில் நின்ற பொம்மையின் தொப்பி பறந்துபோய்க் கல்லா மேசையில் விழுந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“சாரி ஆன்டி! ஆனா இதுல கை தோளுக்கு மேல போகல.”

ஆன்டி பச்சைக் கோட்டு ஒன்றைக் கொடுத்தார். கை நன்றாகவே தூக்க வந்தது. ஆனால் விஷ்ணுப்ரியா முகம் சுளித்தாள். “காதுகிட்ட யாரோ முறுக்கு திங்குற மாதிரியே சத்தம் கேக்குது ஆன்டி. பந்து மேல கவனம் நிக்காது.”

அடுத்தது கறுப்பு. சத்தம் இல்லை. விஷ்ணுப்ரியா அதைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே குதிக்கத் தொடங்கினாள்.

“என்னம்மா பண்ற?” என்றார் ஆன்டி திகைத்துப்போய்.

“அம்பது தடவை குதிக்கிறேன் ஆன்டி. உள்ள வேர்க்குதான்னு பாக்கணும்.”

வேர்த்தது. கறுப்பும் கழன்றது.

கடைசியில் கீழ்த்தட்டில் மடித்துக் கிடந்த சாம்பல் நிறக் கோட்டை அவளே உருவி எடுத்தாள். பூ இல்லை, படம் இல்லை. போட்டுக்கொண்டு குடையை ஓங்கினாள், கை காற்றுபோலப் போய்வந்தது. சத்தமும் இல்லை. ஐம்பது முறை குதித்தாள். மூச்சுதான் வாங்கியது, சட்டை ஈரமாகவில்லை. தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கோட்டின் கைமேல் கொஞ்சம் ஊற்றினாள். சேம்பிலையில் ஓடுவதுபோல் தண்ணீர் உருண்டு ஓடிவிட்டது. கூட வந்த கால்சட்டையில் கணுக்காலிலிருந்து முட்டிவரை ஜிப் இருந்தது.

“அப்பா, இதைப் பாருங்க! சப்பாத்தக் கழட்டாமலே போட்டுக்கலாம்!”

“இவ்ளோ அழகா பட்டாம்பூச்சி இருக்கிறப்ப இந்தச் சாம்பலா?” என்றார் ஆன்டி.

“பந்துக்குக் கலர் தெரியாது ஆன்டி.”

ஜெயமாலா ஆன்டி இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “பதினெட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன் லோகன். மழைக்கோட்டுக்குப் பரீட்சை வெச்ச முதல் ஆள் உங்க மகதான்!”

அப்பா பணத்தைக் கட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தும், அந்தப் பையை மடியை விட்டுக் கீழே வைக்கவில்லை.

சனிக்கிழமை காஜாங்கில் இருபத்தாறு பிள்ளைகள் ஆட வந்திருந்தார்கள். ஒன்பது குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. விஷ்ணுப்ரியாவோடு சேர்ந்து ஆடியவன் செராஸிலிருந்து வந்த கிருஷாந்த். பன்னிரண்டு வயது. நன்றாக ஆடினான். மூன்றாவது குழி முடிந்தபோது அவன் அவளைவிட இரண்டு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தான்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது.

சுற்றிலும் பிள்ளைகள் மழைக்கால்சட்டையை மாட்டச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒற்றைக்காலில் நொண்டியடித்தார்கள். விஷ்ணுப்ரியா ‘சர்ர்’ என்று ஜிப்பை இழுத்து நிமிர்ந்தாள். அடித்த பந்து மழையைக் கிழித்துக்கொண்டு நேராகப் போனது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிருஷாந்துக்குத்தான் சோதனை. விலை உயர்ந்த நீலக் கோட்டு. ஆனால் அது அவனைவிட இரண்டு மடங்கு பெரிது. மடித்துவிட்ட கை, ஓங்கும்போதெல்லாம் சரிந்து வந்து விரலை மூடியது. ஒரு பந்து புதருக்குள் போனது. அடுத்தது மணல்குழியில் விழுந்தது. ஐந்தாவது குழி முடிந்தபோது விஷ்ணுப்ரியா ஓரடி முன்னால் இருந்தாள்.

“வளர்ற பிள்ளைன்னு அம்மா பெருசா வாங்கிட்டாங்க” என்றான் அவன். உதடு நடுங்கியது. “போதும். நான் நிறுத்திக்கிறேன்.”

அந்த முகத்தை விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியும். போன மாதம் அவளுடைய முகமும் அப்படித்தான் இருந்தது.

குடை பிடித்து நின்ற நடுவர் ராதாகிருஷ்ணனிடம் ஓடினாள். “அங்கிள், இவனுக்கு என் ரப்பர் பேண்டைக் குடுக்கலாமா?”

“மட்டையைத்தான் இரவல் குடுக்கக் கூடாது. ரப்பர் பேண்டு தாராளமா குடு” என்றார் அவர்.

விஷ்ணுப்ரியா இரட்டைப் பின்னலிலிருந்து இரண்டு ரப்பர் பேண்டுகளையும் உருவினாள். “கையை நீட்டு” என்று சொல்லி, அவன் கோட்டின் கையை மேலே தள்ளி, மணிக்கட்டுக்கு மேல் இறுக்கமாக மாட்டிவிட்டாள். கலைந்த ஈரக்கூந்தலைத் தன் தொப்பிக்குள் அள்ளித் திணித்தாள்.

கிருஷாந்த் மட்டையை ஓங்கிப் பார்த்தான். கை சரியவில்லை. “அப்புறம் நான் உன்னை ஜெயிச்சிட்டா?”

“ஜெயிச்சுப் பாரு லா! நான் உன்னைத்தான் ஜெயிக்கணும். உன் கோட்டை இல்ல.”

அதன்பிறகு நடந்ததுதான் ஆட்டம். ஆறாவது குழியில் அவன் சமன் செய்தான். ஏழில் அவள் முந்தினாள். எட்டில் மறுபடியும் சமன். ஒன்பதாவது குழியில் இருவர் பந்தும் சம அடிகளில் குழியைச் சுற்றிய புல்தரைக்கு வந்து கிடந்தன. கிருஷாந்த் உருட்டிய பந்து குழியின் விளிம்பைத் தொட்டு நின்றது. அவனுக்கு இன்னும் ஒரு தட்டு வேண்டும்.

விஷ்ணுப்ரியா குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல ஈரம். வழக்கமாக அடிப்பதுபோல் அடித்தால் பாதியில் நின்றுவிடும். கொஞ்சம் கூடுதலாகத் தட்டினாள். பந்து தண்ணீரைச் சிதறிக்கொண்டு உருண்டது, உருண்டது, ‘டொக்’கென்று விழுந்தது.

முதலில் கைதட்டியது கிருஷாந்த்தான்.

மழை விட்டதும் கூடத்தில் பரிசளிப்பு நடந்தது. முதல் பரிசு வேறொரு பையனுக்கு. கிருஷாந்துக்கு மூன்றாவது. இரண்டாவது பரிசுக்கு உரியவரின் பெயரை, அடையாள அட்டையில் உள்ளபடியே, அறிவிப்பாளர் மலாயில் முழுசாக வாசித்தார்.

“விஷ்ணுப்ரியா அனாக் பெரெம்புவான் லோகன்!”

லோகனின் மகள் விஷ்ணுப்ரியா. கூடம் முழுக்க அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் அதிர்ந்தது. அவிழ்ந்த ஈரக்கூந்தலோடு மேடைக்கு நடந்தவள், பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி வரிசையில், யாரும் சொல்லாமலே, அப்பா எழுந்து நின்றிருந்தார்.