சத்தம் கேட்டால் அமுக்கவும்

பிருந்தா எந்தச் சத்தமும் அனுப்பவில்லை. ஆனாலும் மேசை மேலிருந்த பச்சை விளக்கு எரிந்தது.

கல் குவாரி ஆட்களின் காதுகள் எந்த அளவுக்குக் கெட்டிருக்கின்றன என்று ஆராய்வதற்காக மதுரையிலிருந்து வந்திருந்தாள். கொட்டாம்பட்டியில் நெடுஞ்சாலையோரம் பூட்டிக் கிடந்த கடை ஒன்றைப் பிடித்து, வெளிச்சத்தம் நுழையாத, கண்ணாடி ஜன்னல் வைத்த சிற்றறையை அதற்குள் நிறுத்தியிருந்தாள். உள்ளே உட்காருபவர் ஹெட்ஃபோனில் சத்தம் கேட்டதும் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே விளக்கு எரியும். அன்று மாலை கடைசியாக உட்கார்ந்தவர் பேயாண்டி. பாறைக்கு வெடி வைத்து வைத்தே இரண்டு காதும் போனவர். பெரிய சத்தத்துக்கெல்லாம் சும்மா இருந்துவிட்டு, ஒன்றுமே இல்லாதபோது விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்து, என்ன கேட்டது என்று சைகையில் விசாரித்தாள்.

"தட்டுறான், டாக்டரம்மா. எந்தம்பி விருமாண்டி தட்டுறான்."

போன மழைக்குப் பாறை சரிந்து மூடிய ஆட்களில் தம்பியும் ஒருவன் என்றார். தோண்டுவதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துக்கமே இல்லை.

அவளுக்குப் பாவமாக இருந்தது. ஹெட்ஃபோனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, தானே உள்ளே உட்கார்ந்து பார்க்கத் தீர்மானித்தாள். உள்பக்கக் கைப்பிடி கழன்று போயிருந்தது. தான் கையைத் தூக்கினால் வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும் என்று அவருக்கு இரண்டு முறை காட்டினாள். தலையாட்டினார். கதவு மூடிக்கொண்டது.

லாரிகளின் இரைச்சலும் பக்கத்துப் பரோட்டாக் கடையின் கொத்துச் சத்தமும் கத்தரித்தாற்போல் நின்றுபோக, தன் ரத்தம் ஓடுவது மட்டும் காதுக்குள் கேட்க, ஸ்பாஞ்ச் சுவர்களின் புழுங்கிய வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை, மழையில் நனைந்து வெயிலே படாமல் கிடந்த கல்லின் வாடை, மெல்ல மெல்ல மேலே எழும்பி வந்தது. பிறகு கேட்டது.

டக். டக் டக்.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். சத்தம் நிற்கவில்லை. கால் வழியாக ஏறியது.

கையைத் தூக்கினாள். பேயாண்டி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். அவளைப் பார்க்கவில்லை. அவள் காலடியைப் பார்த்தார். இரு முஷ்டியாலும் கண்ணாடியைக் குத்தினாள், கத்தினாள். குரல் சுவரிலேயே செத்தது. வெளியே மேசையில் அவள் போன் ஒளிர்ந்தது, அணைந்தது. அவருடைய உதடுகள் அசைந்தன. காது கேளாதவர்களோடு பழகியவளுக்கு அந்த உதடுகளைப் படிக்கத் தெரிந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க, தாயி. தம்பி வந்துரட்டும்."

தரைவிரிப்பு புடைத்தது. கிழிந்தது. கல்தூசி. அதற்குள்ளிருந்து ஒரு கை. நகமே இல்லாத விரல்கள். துழாவின. அவள் கணுக்காலைக் கண்டுபிடித்தன.

இழுக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஏறியது. மறு கை அவள் முழங்காலுக்கு வந்தது. பிறகு, வெள்ளைத் தூசி அப்பிய தலை.

கண்ணாடிக்கு அப்பால் பேயாண்டி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். தலையை அசைத்தார்.

"இவன் இல்ல."

கிழிசலில் இன்னொரு கை முளைத்தது.