மூன்று பத்துக்கு எண்ணுவார்கள்

பத்தொன்பது வருடங்களாகப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. பக்கவாதத்தில் வாய் கோணியவர்கள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள், நான்கு வயதாகியும் 'அம்மா' என்று சொல்லாத குழந்தைகள் என எல்லோரையும் பார்த்தாயிற்று. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அன்று மதியம் பெரிய டாக்டர் ஐந்தாவது மாடிக்கு வரச் சொல்லியிருந்தார். லிஃப்ட் வழக்கம்போல மக்கர். படியேறி மூச்சு வாங்க நின்றவளிடம் ஒரு ஃபைலை நீட்டினார்.

"குரல் நாண்ல ஒரு குறையும் இல்ல. குழாய் விட்டுப் பாத்தாச்சு. இருமினா சத்தம் வருது, பேசச் சொன்னா வெறும் காத்துதான் வருது. ரெண்டு மாசமா இப்படித்தான்."

"அதிர்ச்சியா டாக்டர்?"

"அந்தப் பள்ளிக்கூடப் பை தைக்கிற தொழிற்சாலை இடிஞ்சு விழுந்துச்சே, அதுல இருந்து எடுத்த பொண்ணு."

அந்தச் செய்தி தெரியாதவர்கள் ஊரில் யாருமில்லை. ஐம்பத்தொரு மணி நேரம் கழித்து ஆறு பெண்களை உயிரோடு எடுத்தார்கள். முதலில் அவர்களை ஆளுக்கொரு வார்டில் போட்டிருக்கிறார்கள். யாருக்கும் புண் ஆறவில்லை. மாத்திரை கொடுத்தும் தூக்கம் வரவில்லை, காய்ச்சல் விடவில்லை. ஒரு நாள் அவர்களில் மூத்தவள் மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு, மற்ற ஐந்து பேரையும் தேடி மாடி மாடியாக ஏறியிருக்கிறாள். அதைப் பார்த்த பெரிய டாக்டர் விதிமுறையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, ஆறு பேரையும் ஒரே வார்டுக்கு மாற்றிவிட்டார்.

"அதே மருந்து, அதே கட்டு. பத்தே நாள்ல அஞ்சு பேருக்குப் புண் மூடிடுச்சு. இவளுக்கு மட்டும் குதிகால் புண் அப்படியே இருக்கு. பதினோரு கிலோ குறைஞ்சிருக்கா. இப்படியே போனா ரெண்டு வாரம் தாங்குறதே கஷ்டம். எப்படியாவது பேச வெச்சிடுங்க, சாப்பிட வைக்கிறத நான் பாத்துக்கறேன்."

வார்டில் நல்ல வெயில் அடித்தது. அந்த வெக்கையிலும் ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. மோட்டார் சத்தம் கேட்டால் தையல் மெஷின் ஞாபகம் வந்துவிடுமாம். மருந்து நெடியும் வியர்வை வாடையும் கலந்து அடித்தன. அவற்றுக்கு அடியில், ஈரமான சிமெண்டுத் தூள் வாடை லேசாக வந்தது. எங்கோ பூச்சுவேலை நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்க மேடம்! எங்க ரேடியோவ ரிப்பேர் பண்ண வந்தீங்களா?" என்றாள் ஒருத்தி. அவள் நூல் வெட்டுபவள். வாயும் அப்படியே என்பதால் அவளுக்குப் பெயர் கத்தரி.

என்னிடம் ஒப்படைக்கப்பட்டவளின் பட்டப்பெயர்தான் ரேடியோ. ஒரு காலத்தில் வாயே மூடாதவளாம். யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டுவாளாம். இப்போது கடைசிக் கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நெஞ்சின் மேல் சிறுபிள்ளைகள் எழுதும் சிலேட்டு ஒன்று இருந்தது.

கதையை எனக்கு மூத்தவள்தான் சொன்னாள். தையல் லைனில் தினமும் வருகை எடுத்தவள் அவள், எல்லோருக்கும் லைன் அக்கா. ரேடியோவுக்கு ஒரு தோழி இருந்திருக்கிறாள். பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய், தினமும் தாமதமாக ஓடிவருவாள். அவள் பெயர் தூங்குமூஞ்சி. அவளுக்கும் சேர்த்து ரேடியோதான் வருகை சொல்வாளாம், அவளைப் போலவே கொட்டாவி விட்டுக்கொண்டு.

"எனக்குத் தெரியாமலா இருக்கும்? தலைய நிமுத்தாம குறிச்சுக்குவேன் மேடம். சம்பளம் பிடிச்சா அவ வீட்ல அடுப்பெரியாது."

இடிபாட்டுக்கு அடியில் ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்திக்கு அடுத்து ஒருத்தி, முகம் தெரியாத இருட்டு. யாரும் கண் அசந்துவிடக் கூடாது என்று லைன் அக்கா 'ஒண்ணு' என்று ஆரம்பிப்பாள். வரிசையாகச் சொல்ல வேண்டும். ரேடியோ ஆறு, தூங்குமூஞ்சி ஏழு. கடைசிவரை ஏழு எண்ணும் வந்ததாம். வெளியே எடுத்தபோது தூங்குமூஞ்சிக்கு மட்டும் உயிர் இல்லை.

"இப்பவும் எண்ணுறோம். கட்டடம் விழுந்தது மூணு பத்துக்கு. தினமும் அந்நேரத்துக்குக் கண்ண மூடிக்கிட்டு எண்ணினாத்தான் அன்னிக்குச் சோறு இறங்குது."

கத்தரி என் காதருகே வந்தாள். "அப்ப மட்டும் ரேடியோ பேசுவா மேடம். 'ஆறு'ன்னு சொல்லுவா. அதையும் தூங்குமூஞ்சி குரல்லயே சொல்லுவா. மத்த நேரமெல்லாம் கல்லுப் பிள்ளையாரு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வார்த்தைக்குக் குரல் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மணி மூன்று ஐந்து. ஸ்டூலை இழுத்துப் போட்டு ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொண்டை அதிர்வைப் பார்க்க இரண்டு விரல்களை அவள் கழுத்தில் மெல்ல வைத்தேன். எல்லோரும் கண்களை மூடினார்கள். நான் மூடவில்லை.

"ஒண்ணு."

"ரெண்டு."

மூன்று, நான்கு, ஐந்து. கட்டில் கட்டிலாக நெருங்கி வந்தது.

ரேடியோவின் உதடுகள் ஒட்டியிருந்தன.

என் விரலுக்குக் கீழே தொண்டை அசையவில்லை.

"ஆறு…"

நீண்ட கொட்டாவியோடு வந்தது அந்தக் குரல். கட்டிலுக்கு அடியிலிருந்து.

என் கணுக்காலில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது.

குனிந்து பார்த்தேன். ஒரு ஜோடி செருப்பும் வெறும் தரையும்தான் இருந்தன. சிமெண்டு வாடை மூக்கை அடைத்தது.

"பாத்தீங்களா, பேசிட்டா!" என்று கத்தரி கண்ணைத் திறந்து சிரித்தாள். ரேடியோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. சிலேட்டை எடுத்து எழுதினாள்.

'அவ எனக்காகச் சொல்றா.'

படியிறங்கும்போது, இனி செத்தாலும் இந்த மாடிக்கு வருவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே போய் நின்றேன். அந்தக் கண்கள் வீட்டுக்கும் என்னோடு வந்துவிட்டன, என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் காட்டினேன். வெந்நீரில் கொப்பளிக்க வைத்தேன். இருமலில் வரும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு 'ம்' என்று இழுக்கச் சொன்னேன். இருமல் வந்தது, 'ம்' வரவில்லை. நான்காம் நாள் அவள் சிலேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். எழுதி, நான் படித்ததும் உள்ளங்கையால் அழித்து, மறுபடி எழுதினாள்.

'ரெண்டாம் நாள் காலைல அவ கை விறைச்சுப் போச்சு.'

'அப்புறம் ஏழு சொன்னது நான்தான். அவ போயிட்டான்னு தெரிஞ்சா எல்லாரும் மனசு விட்ருவாங்கன்னு சொன்னேன்.'

'மேல தோண்டுனவங்க நாங்க எண்ணுறதக் கேட்டு ஏழு பேரும் நல்லா இருக்காங்கன்னு நினைச்சாங்க. அவ பக்கம் யாரும் அவசரமாத் தோண்டல. அவ செத்திருந்தாளா, மயங்கிக் கிடந்தாளா? எனக்குத் தெரியல.'

கடைசியாக எழுதியதை அவள் அழிக்கவில்லை.

'இப்ப எனக்கு அவ வருகை சொல்றா. இனி நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.'

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இத அவங்ககிட்ட சொல்லு" என்றேன். மாட்டேன் என்று அவள் வேகமாகத் தலையாட்டினாள். காறித் துப்புவார்கள் என்று சைகையில் காட்டினாள். நான் சொல்லவா என்று கேட்டதற்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் சொல்ல வேண்டியதை அவள் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாளுக்கு நாள் கட்டிலுக்கு அடியில் குரல் தெளிவானது. மேலே இருந்தவள் கரைந்துகொண்டே போனாள். ஒன்பதாம் நாள் ஊசி போட நரம்பு கிடைக்காமல் சிஸ்டர் அரை மணி நேரம் போராடினார். பெரிய டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனால் என்ன அர்த்தம் என்று அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

மணி மூன்று பத்து.

"ஒண்ணு" என்றாள் லைன் அக்கா.

ஐந்து வரை வந்தது.

கட்டிலுக்கு அடியில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். கொட்டாவி தொடங்கியது.

நான் ரேடியோவின் காதில் வாயை வைத்தேன். "இருமு. அவ சொல்றதுக்கு முன்னாடி இருமு!"

இருமினாள். எலும்பெல்லாம் குலுங்க இருமினாள். அந்த இருமலின் வாலில் ஒரு 'ம்' ஒட்டிக்கொண்டு வந்தது. அது அறுபடாமல் நீண்டது.

"ம்ம்… ஆ… ஆறு."

கீழே கொட்டாவி பாதியில் நின்றது.

"நான்தான் ஆறு" என்றாள் ரேடியோ. கரகரத்த, கிழிந்த குரல். "அக்கா… ஏழு அவ சொல்லல. ரெண்டாம் நாள்ல இருந்து நான்தான் சொன்னேன். நான் ஏமாத்திட்டேன். அவள நான்தான் கொன்னுட்டேன்."

பிறகு லைன் அக்கா கட்டிலை விட்டு இறங்கி, மாவுக்கட்டுக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"தெரியும்டி."

ரேடியோ வாயைப் பிளந்து பார்த்தாள்.

"நாலு வருஷமா நீ அவ குரல்ல சொன்னதக் கேட்டவடி நான். எனக்குத் தெரியாமப் போகுமா? அவ கொட்டாவி விட்டுத்தான் சொல்லுவா. நீ அழுதுக்கிட்டே கொட்டாவி விட்ட."

"எனக்கும் தெரியும்" என்றாள் கத்தரி. முதல்முறையாக அவள் குரலில் கேலி இல்லை. "வாய் விட்டுச் சொன்னா நானும் போயிருவேன்னு பேசாம இருந்தேன்."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருத்தியும் மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைத்து, அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறாள்.

"அவ பக்கம் ரெண்டு தூண் விழுந்து கெடந்துச்சுடி. முதல் நாளே, மேல தோண்டுனவங்க உள்ள விட்ட குழாய் வழியா எங்கிட்ட சொல்லிட்டாங்க, அந்தப் பக்கம் தோண்டவே முடியாதுன்னு. நீ சொல்லியிருந்தாலும் அதான் நடந்திருக்கும், சொல்லாட்டியும் அதான். நான் அப்பவே உங்கிட்ட சொல்லியிருக்கணும். என் தப்புடி" என்று லைன் அக்கா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆறு பேரும் ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து வாய் விட்டு அழுதார்கள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

கீழே நின்றுபோன கொட்டாவி லைன் அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் தணிந்ததும் தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஏழு… போதும்டி கண்ணு. நீ தூங்கு. இனி யாரும் எழுப்ப மாட்டோம்."

காத்திருந்தோம். சிமெண்டு வாடை மெல்ல மெல்லக் குறைந்தது. ரேடியோ தண்ணீர் கேட்டாள், வாயால் கேட்டாள். சிஸ்டரைக் கூப்பிட நான் எழுந்தேன்.

"எட்டு."

ஆண் குரல்.

வார்டில் ஆண்கள் யாரும் இல்லை. லைன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "இஸ்திரி போடுற அண்ணன்" என்று விரலிடுக்கில் முணுமுணுத்தாள்.

"ஒன்பது."

இந்த முறை சுவருக்குள்ளிருந்து.

"பத்து."

குளியலறைக் கதவுக்குப் பின்னால். தாழ்வாரத்தில். எங்கள் காலடியில். லைன் அக்கா ஒவ்வொரு குரலுக்கும் ஆள் சொன்னாள். பைக்கு வார் தைக்கிறவள். பெட்டி கட்டுகிறவன். கட்டடம் விழுவதற்கு முந்தின மாதம்தான் கல்யாணமானவள். எனக்கு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. அத்தனை நாள் வரிசையில் நின்று, தங்கள் முறை வரும் வரை காத்திருந்தவர்களாகத்தான் அவர்கள் எனக்குப் பட்டார்கள்.

"கேக்குது" என்றாள் ரேடியோ. ஒவ்வோர் எண்ணுக்கும் புதிதாக வந்த அந்தக் குரலால் பதில் சொன்னாள். "கேக்குதுண்ணே. கேக்குதுக்கா."

முப்பத்தேழு வந்தது.

"அவ்வளவுதான்" என்று லைன் அக்கா மூச்சு விட்டாள். "அன்னிக்கு எங்க மாடிக்கு நான் எடுத்த வருகை முப்பத்தேழு பேர்தான் மேடம். பேப்பர்லயும் அதான் போட்டாங்க."

"முப்பத்தெட்டு."

மிகவும் தணிந்த பெண் குரல். சொல்லலாமா கூடாதா என்று தயங்கியது போல இருந்தது.

லைன் அக்கா என் கையைப் பிடித்தாள். "இந்தக் குரல நான் கேட்டதே இல்ல மேடம். என் வருகையில பேரே வராத ஆளு. இது யாரு?"

ரேடியோ கட்டிலின் விளிம்பில் குப்புறப் படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டாள்.

"நீ யாருன்னு தெரியலம்மா" என்றாள். "பரவாயில்ல. கேக்குது, சொல்லு."

கட்டிலுக்கு அடியில் யாரோ விம்மி விம்மி அழத் தொடங்கினார்கள்.