கூடுதலாக ஒரு சீட்டு

படகுக்காரர் மூன்று பேரை நான்கு என்று எண்ணினார். கணவன், அவள், மகள் என்று ஒவ்வொரு தலையாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தவர், மகளுக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த பலகையையும் சுட்டி, "நாலு. சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். டீசல் வாடையும் ஈர மரத்தின் வாடையும் கலந்து அடித்தன. படகின் அடியில் தண்ணீர் ஒரு சீராகத் தட்டிக்கொண்டிருந்தது.

மற்ற நேரமாக இருந்தால் அவள் சும்மா விட்டிருக்க மாட்டாள். தப்பாக எண்ணுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. வீட்டில் அவளுக்கு 'டைம்டேபிள்' என்றுதான் பெயர். அதைச் சூட்டிய புண்ணியவான் கணவன். எத்தனை மணிக்கு எழுவது, எந்தப் பையில் எந்தத் துண்டு, எந்த வண்டியில் யார் ஜன்னலோரம் என்பதெல்லாம் அவள் அட்டவணையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஆனால் இந்தத் தடவை படகுக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. பதிவு நான்கு பேருக்குத்தான். அது அவள் செய்த வேலை.

எங்கே போனாலும் ஆளைவிட ஒரு சீட்டு கூடுதலாகப் போடுவது அவள் வழக்கம். பையை வைக்கலாம், ஈரத் துணியைப் போடலாம், மகள் காலை நீட்டித் தூங்கலாம். இரண்டு வாரத்துக்கு முன்பு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இந்தத் தீவு விடுதியின் பயணப் படிவத்தை நிரப்பியபோதும் அப்படித்தான் செய்தாள். போக ஒரு படகு, வர ஒரு படகு, நடுவில் அருவிக்கு ஒரு வேன், எல்லாவற்றிலும் நான்கு. நாலாவது வரி காலியாக இருந்தால் நகர மாட்டேன் என்று படிவம் அடம்பிடித்தது. அடுப்பில் பால் பொங்குகிற நேரம். மகளின் வரியை அப்படியே நகல் எடுத்து அடுத்த வரியில் ஒட்டிவிட்டாள். வயது எட்டு. எடை இருபத்திரண்டு கிலோ. நீச்சல் தெரியாது. அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். பெயரைக்கூட மாற்றவில்லை. ஆளா வரப்போகிறது, பெயரை மாற்றுவதற்கு?

படகு கிளம்பியதும் மகளிடம் வழக்கமான பாடத்தை ஒப்பிக்கச் சொன்னாள். "வாலு, தொலைஞ்சு போனா என்ன செய்யணும்?"

"நின்ன இடத்துலயே நிக்கணும். நகரக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. அம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று வாலு ஒரே மூச்சில் பாடினாள். பிறகு, கடலுக்கு மூடி உண்டா, மீன் தும்முமா, படகுக்கு ஹாரன் ஏன் இல்லை என்று கேள்விக் கணைகளைத் தொடுத்து, பாதி வழியில் அம்மாவின் மடியிலேயே வாந்தி எடுத்தாள். கடல் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

தீவின் படகுத்துறையில் மிதவைச் சட்டைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். காலிப் பலகை மேல் கிடந்த நாலாவது சட்டையைப் படகுக்காரர் எடுத்தபோது அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. மேலே தெறித்த துளிகள் இல்லை. யாரோ போட்டுக்கொண்டு முங்கி எழுந்ததைப் போல உட்புறத்திலிருந்து வழிந்தது. அன்று கடல் தட்டு மாதிரி கிடந்தது. அவர்களில் ஒருவர்மேலும் ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் படவில்லை. "பழைய சட்டையா இருக்கும்" என்றான் கணவன். அவளும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அறையில் பெரிய கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னக் கட்டில் இரண்டு போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் அவள் முதலில் எழுந்தாள். கொசுவலைக்கு வெளியே மின்விசிறி கிர்ர் கிர்ர் என்று சுற்றிக்கொண்டிருக்க, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீளமாக விழுந்து, யாரும் படுக்காத இரண்டாவது கட்டிலின் கால் வரைக்கும் வந்து நின்றது. வெகுநாள் பூட்டிக் கிடந்த குளியலறையைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு வாடை. விரிப்பின் நடுவில் ஈரம். தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. தலை, தோள், மடக்கிய கால் என்று ஒரு குழந்தை ஒருக்களித்துப் படுத்த அளவுக்கு அந்த ஈரம் இருந்தது.

"நீ ராத்திரி கட்டில் மாறிப் படுத்தியா?" என்று மகளைக் கேட்டாள்.

"இல்லையே. அது அவளோடது" என்றாள் வாலு பல் தேய்த்துக்கொண்டே.

குழந்தைகள் ஆயிரம் சொல்லும். ஒத்தைப் பிள்ளை வேறு, கற்பனையில் ஒரு துணை வைத்துக்கொள்வதுதான். அப்படிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டு அருவிக்குப் பை கட்டினாள்.

வேனின் பின் சீட்டில் வாலு அவளை இடித்துக்கொண்டே வந்தாள். "கொஞ்சம் நகரும்மா, எனக்கு இடமே இல்ல." அந்தப் பக்கம் ஒரு முழுச் சீட்டு காலியாக இருந்தது. காலி சீட்டின் பெல்ட் மாட்டியிருந்தது. தொங்கவில்லை, எதையோ சுற்றி இறுக்கிப் பிடித்ததைப் போல விறைப்பாக நின்றது. அவள் அதையே பார்ப்பதைக் கண்ணாடியில் கண்ட ஓட்டுநர், "கவலைப்படாதீங்கம்மா, பாப்பாவுக்கு நான்தான் போட்டுவிட்டேன்" என்றார். எந்தப் பாப்பாவுக்கு என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். கேட்காமலே வாலுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வழியில் வேனை நிறுத்தி, கணவன் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். இரண்டு குச்சி.

"யாருக்குங்க ரெண்டு?"

"ஆளுக்கு ஒண்ணு. இல்லன்னா பசங்க சண்டை போடுவாங்கல்ல?"

"எந்தப் பசங்க?"

அவன் சிரித்தான். "என்னடி கேள்வி இது? டைம்டேபிளுக்கே தலை சுத்துதா?" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று அவன் முகத்தைத் தேடினாள். அதில் விளையாட்டே இல்லை.

அருவியில் ஒரு கணம்தான் கண்ணை எடுத்தாள். துண்டு எடுக்கப் பையில் கையை விட்ட நேரம். வீல் என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஆழமான பக்கத்தின் விளிம்பில், பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள் வாலு. முழங்கால் கிழிந்து ரத்தம். அவளை வாரி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, காயத்தைத் துடைத்து வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டினாள். குழந்தையின் மணிக்கட்டில் நான்கு சின்ன விரல்களின் தடம் சிவந்திருந்தது.

"யாருடா கண்ணு பிடிச்சது?"

"அவதான். உள்ள வா, உள்ள வான்னு இழுத்தா. நான் மாட்டேன்னேன்." வாலு விசும்பினாள். "அம்மா, அவளுக்கு என் பேருதானாம். ஊருக்கு வர்றாளாம். நான் இங்க இருந்துக்கணுமாம்."

அதற்கு மேல் அவள் காத்திருக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுக்கவா இத்தனை கட்டம் போட்டுத் திட்டம் தீட்டினாள்? வேன் விடுதி வாசலில் நின்றதும் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நேராகப் பயணப் பதிவு மேசைக்குப் போனாள். மேசைக்காரர் சாந்தமான மனிதர். தண்ணீரில் வெகுநேரம் ஊறியதைப் போல விரல் நுனிகள் சுருங்கி வெளுத்திருந்தன. அவர் பின்னால் சுவர்க்கடிகாரம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குத் திரும்புற படகுல எங்க பதிவு நாலு. மூணாக்கிடுங்க. நான்தான் தப்பா ஒண்ணு கூடுதலா போட்டுட்டேன்."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "குழந்தைங்க வரி ரெண்டு இருக்கு மேடம். ரெண்டும் அச்சு அசல் ஒண்ணாவே இருக்கு. எதை எடுக்கணும்?"

"எதையாவது எடுங்க. ஒண்ணு போனா போதும்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க. எடுத்தது எடுத்ததுதான். எண்ணிக்கைக்கு மேல ஒரு ஆளைக்கூடப் படகுக்காரர் ஏத்த மாட்டார்."

"அட, ரெண்டும் ஒண்ணுதானேங்க! எடுங்கன்னா!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. அவர் ஒரு வரியை அழித்து, தாளை நீட்டினார். அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். இத்தனை நாளில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியதைப் போல இருந்தது.

அறைக்குத் திரும்பியபோது ஒரே ஒரு சின்னக் கட்டில்தான் இருந்தது. வாடை இல்லை. கணவன், "வாலுவுக்கு இப்போ கால் வலி எப்படி இருக்கு?" என்று ஒரே பிள்ளையைப் பற்றித்தான் கேட்டான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று மகளைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டு, எத்தனையோ நாள் தூங்காதவள் மாதிரித் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை, படகுத்துறையில் எப்போதும் போல அவளுக்கு வேலை தலைக்குமேல் இருந்தது. ஏழு பைகள். ஒன்று, இரண்டு என்று தொட்டுத் தொட்டு எண்ணிப் படகில் ஏற்றினாள். ஐந்தாவது பையில் குழம்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். "அம்மா, என் சோழி அங்க விழுந்துடுச்சு, எடுத்துட்டு வரேன்" என்று எங்கோ ஒரு குரல். "சீக்கிரம் வா" என்று அட்டவணையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். ஏழு பையும் சரி. ஒரு சின்னக் கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அவள் அதை இறுக்கிப் பிடித்து, மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

படகுக்காரர் விரலை நீட்டினார். கணவன். அவள். குழந்தை.

"மூணு. சரியா இருக்கு."

அப்பாடா என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இயந்திரம் உறுமியது. டீசல் வாடை. காற்று. படகு துறையை விட்டு நழுவி, அலையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நல்ல ஓட்டம் பிடித்தது. நெற்றியில் உப்புக் காற்று படப்படச் சுகமாக இருந்தது. ஊருக்குப் போனதும் பள்ளிச் சீருடையைத் துவைக்க வேண்டும் என்று நினைத்தாள்.

பிறகுதான் உறைத்தது. கேள்வியே வரவில்லை.

கடலுக்கு மூடி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. குமட்டவில்லை. மடியில் தலை சாயவில்லை. பக்கத்தில் இருந்தது ஆடாமல், அசையாமல், கடலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பிடித்திருந்த கை சூடேறவே இல்லை.

மெல்லக் கீழே பார்த்தாள். பலகையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பாதம். சின்ன முழங்கால்.

முழங்காலில் பிளாஸ்திரி இல்லை.

காயமும் இல்லை. கீறல்கூட இல்லை.

"திருப்புங்க! படகைத் திருப்புங்க! என் பிள்ளை அங்க இருக்கா!"

"எண்ணிக்கை சரியா இருக்கும்மா" என்றார் படகுக்காரர். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன ஆச்சு உனக்கு? வாலு இதோ உன் பக்கத்துலதானே இருக்கா" என்றான் கணவன், அந்த ஈரத் தலையைத் தடவிக்கொடுத்தபடி.

அவள் எழப் பார்த்தாள். கையை விட மாட்டேன் என்றது கை. நான்கு விரல்கள். இறுக்கம்.

"நான் அம்மா பக்கத்துலதான் உக்காரணும்" என்றது அது. வாலுவின் குரலேதான்.

கழுத்தை மட்டும்தான் அவளால் திருப்ப முடிந்தது. படகுத்துறை தூரத்தில் ஒரு கோடாகச் சிறுத்துக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு குழந்தை. முழங்காலில் வெள்ளையாக ஒரு பொட்டு. பின்னால் நின்ற மேசைக்காரர் குனிந்து கையை நீட்டி என்னவோ சொல்லிக் கூப்பிட்டார். குழந்தை மாட்டேன் என்று தலையை ஆட்டியது. அது ஓடவில்லை, அழவில்லை. சோழியை மூடிய கையில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்த பாடம் மறக்காமல், நின்ற இடத்திலேயே நின்றது.