நான்கடி உயரத்தில்

தண்ணீர் வாசலைத் தொட்டதும் புன்னைத்தோப்புத் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளும் எழத் தொடங்கின. ஒவ்வொரு வீட்டின் அடியிலும் நான்கு எழுகால்கள். மண்ணில் புதைத்த நீருணரி வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லச் சொல்ல, அவை வீட்டைத் தூக்கிக்கொண்டே போகும். ஒன்பதடி வரை போகலாம். அடுப்பில் இருக்கும் பால்கூடச் சிந்தாது.

யசோதரா பால்கனியில் நின்றாள். நகராட்சியின் கட்டட அனுமதி அதிகாரி அவள். தாழ்வான பகுதியில் எழுகால் இல்லாமல் வீடு கட்டக் கூடாது, வீட்டுக்கு வீடு ஐந்தடி இடைவெளி வேண்டும், இரண்டு வீடுகளை எதனாலும் இணைக்கக் கூடாது என்ற விதிகளை எழுதியவளும் அவள்தான். ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் எழும்போது, இணைப்பு இருந்தால் இரண்டும் பிளந்துவிடும். விதி வந்த பதினோரு வருடத்தில் வெள்ளத்துக்கு ஓர் உயிரும் போகவில்லை.

தெருவில் பேச்சுச் சத்தமே இல்லை. அவரவர் வீட்டில் அவரவர்.

முன்பெல்லாம் இப்படியா? அப்போது தெருவில் மாடி வைத்த ஒரே வீடு, பக்கத்து வீட்டு ரெஜினாவுடையது. ஒரு மழையில் முப்பது பேர் மூன்று நாள் அந்த மொட்டைமாடியில் கிடந்தார்கள். ஒரே அண்டாவில் கஞ்சி. தார்ப்பாய்க்குள் யார் காலை யார் மிதித்தது என்று சண்டை. ரெஜினாவின் கணவர் அந்தோணி பேருந்து நடத்துனர். விசில் ஊதி, "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் நெறைய இருக்கு" என்று எல்லோரையும் நெருக்கி உட்கார வைப்பார். யசோதரா அப்படிச் சிரித்தது அதற்குப் பிறகு இல்லை. மூன்றாம் நாள், யாருடைய குழந்தைக்கோ பால்பவுடர் வாங்கி வருகிறேன் என்று தண்ணீரில் இறங்கிய அந்தோணி திரும்பவில்லை. அதன்பிறகுதான் அவள் விதி எழுத உட்கார்ந்தாள்.

"யசோ!"

ரெஜினாவின் குரல் கீழேயிருந்து வந்தது. அவள் வீடு நான்கடியிலேயே நின்றுவிட்டது. எழுகால் ஒன்று இறுகிவிட்டிருக்க வேண்டும். பால்கனியில் தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டிருந்தது.

"படகுக்குச் சொல்லிட்டேன்க்கா!"

"எவ்வளவு நேரமாகுமாம்?"

இரண்டு மணி நேரம் என்றார்கள். யசோதரா அதற்காகக் காத்திருக்கவில்லை. உள்ளே ஓடிக் கைவிசையைத் திருப்பி, தன் வீட்டை இறக்கினாள். ஆறு, ஐந்தரை, ஐந்து. நான்கடி வந்தபோது தண்ணீர் அவள் கூடத்துக்குள் புகுந்தது. படுக்கையறைக் கதவைக் கீலோடு கழற்றி இரண்டு பால்கனிகளுக்கும் குறுக்கே போட்டாள்.

"கீழ பாக்காத. என்னையே பாத்து வாக்கா."

"எனக்கு அறுபத்தெட்டு வயசுடி!"

"வாக்கா, திட்டிக்கிட்டே வா."

ரெஜினா திட்டிக்கொண்டே தவழ்ந்து வந்து சேர்ந்தாள். கதவை உள்ளே இழுத்துக்கொண்டதும் வீடு மறுபடி எழுந்தது. அன்று சாயங்காலம்வரை நனைந்த கட்டிலில் இருவரும் அந்தோணியைப் பற்றிப் பேசினார்கள். பதினோரு வருடமாகப் பேசாத பேச்சு.

வெள்ளம் வடிந்தது. ரெஜினாவின் எழுகாலைச் சரிசெய்தார்கள். விதியை மீறி இணைப்புப் பலகை போட்டதற்கான அறிக்கையை எழுகால்களின் எடையுணரி தானாகவே அனுப்பியிருந்தது. யசோதரா தன் பெயருக்கு வந்த நோட்டீஸில் தானே கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே தெருவிலிருந்து நாற்பது மனுக்கள் வந்தன. பக்கத்து வீட்டுக்குப் பலகை போட அனுமதி வேண்டுமாம். விதியில் இடமில்லை என்று அத்தனையையும் திருப்பி அனுப்பினாள். ரெஜினா ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை.

அடுத்த ஐப்பசியில் மறுபடி வெள்ளம் வந்தது. வீடுகள் எழுந்தன. நான்கடி வந்ததும் ஒவ்வொன்றாக நின்றன. யசோதரா பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். எதுவும் பழுதாகவில்லை, அவரவரே கைவிசையால் நிறுத்தியிருந்தார்கள். பால்கனிக்குப் பால்கனி கதவுகளும் கட்டில் பலகைகளும் விழுந்தன. யாரோ ஒருத்தி குழம்புச் சட்டியோடு மூன்று வீடு தாண்டிப் போனாள். கேரம் போர்டு ஒன்று தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கைமாறிப் போயிற்று.

அவள் கைபேசி ஒளிர்ந்தது. 'நீர்மட்டம் மூன்றேகால் அடி. கைவிசையில் நிறுத்திய அனைத்து வீடுகளையும் உயர்த்த அனுமதிக்கவும்.' அவள் விரல் பட்டால் போதும். முதலில் பலகைகளை எடுக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"சோறு ஆறுது, வர்றியா இல்லையா?" ரெஜினா தன் வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

இருபது நிமிடம் தாமதிக்கலாம் என்று பதிந்துவிட்டு யசோதரா தன் வீட்டையும் நான்கடிக்கு இறக்கினாள். பலகையைத் தாண்டிப் போனாள். ரெஜினாவின் கூடத்தில் பதினேழு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கும் இடம் விட்டார்கள்.

பன்னிரண்டாவது நிமிடத்திலேயே எச்சரிக்கை மணி அடித்தது. தண்ணீர் கணக்கை மிஞ்சி ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரசம் ஊத்தட்டுமா?" என்றாள் ரெஜினா.

யசோதரா தட்டை நீட்டினாள்.