காலி லிஃப்ட் எங்கே போகும்?

தெளிமானி தொண்ணூற்றேழு காட்டியபோது பொன்சுதா விடுதி லிஃப்டில் நின்று பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அதன் வில்லை பச்சையாக ஒளிர்ந்து, "சமன் எடைப் பாடம் தெளிந்தது. வாழ்த்துகள்" என்று அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னது.

மின்தூக்கிப் பொறியியலில் அவளுக்கு மீதியிருந்தது இந்த ஒரு தாள்தான். பரீட்சை எழுத வேண்டியதில்லை. பரீட்சைகள் ஒழிந்து பல வருஷமாகிவிட்டது. பாடம் கேட்கும்போதே மூளையில் புரிதல் நடக்கிறதா என்று வில்லை அளந்துவிடுகிறது. தாளின் கடைசிப் பாடம்வரை கேட்டு முடித்து, இறுதி மதிப்பு எண்பத்தைந்தைத் தாண்டினால் பட்டம்.

இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. அறைத்தோழி ரஹ்மத் நிஷா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ரெண்டே பேருதான் நிக்கோம். இப்ப பிரேக் விட்டுப்போச்சுன்னா மேல போவோமா, கீழ போவோமா?"

"கீழதான்."

"ஏன்?"

பொன்சுதா வாயைத் திறந்தாள். சமன் எடை, இழுவைச் சக்கரம், வேக ஆளி. எல்லாச் சொல்லும் உள்ளே இருந்தது. முன்பின் தெரியாத கல்யாண விருந்தாளிகள் மாதிரி ஒன்றையொன்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தன.

"தொண்ணூத்தேழு வாங்கினவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் நிஷா. அவள் தமிழ் எம்.ஏ. படிப்பவள். அவளுக்கு லிஃப்ட் தன் மாடியில் நின்றால் போதும்.

அன்றே பொன்சுதா அதே கேள்வியைப் பாடப்பொறியிடம் கேட்டாள். இணையவழிப் பாடத்தை நடத்தும் அந்த இனிய குரல், "நல்ல கேள்வி. இதோ முடிக்கப்போகிறோம், இன்னும் ஒன்றே ஒன்று" என்று ஒரு படத்தைக் காட்டியது. சக்கரம் சுழன்றது, பெட்டி நகர்ந்தது. "அவ்வளவுதான்" என்றது குரல். வில்லை பச்சையானது. தொண்ணூற்றெட்டு.

மேலா, கீழா? இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. பாடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அந்தக் குரல் அடிக்கடி முடிக்கப்போவதாகச் சொன்னது. முடிக்கப்போவதாகச் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் அவளுடைய மதிப்பு ஏறியிருந்தது. முதலாண்டுப் பாடங்களைத் தோண்டி எடுத்தாள். அவற்றில் "அவ்வளவுதான்" இவ்வளவு இல்லை. பாடப்பொறி தன் பாடத்தை வாராவாரம் தானே மாற்றி எழுதும். எது மதிப்பை ஏற்றுகிறதோ அது தங்கும், ஏற்றாதது உதிரும். அப்படி உதிர்ந்து உதிர்ந்து மிஞ்சியது இதுதான். பாடம் முடிவதைப் பற்றிய ஒரு பாடம்.

வேறு பாடம் தேடினாள். போட்டி நிறுவனம் ஒன்றில் ஆண்குரல், பின்னணியில் கடல் அலை. அதுவும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்றது. சாத்தூரில் மனிதரே நேரில் கற்பிக்கும் டியூஷன் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் பிடித்துப் போனாள். இருந்தது. அந்த ஆள் பையன்களின் காதுகளையே பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினார். எவன் வில்லையாவது மங்கினால், "அவ்வளவுதான்டா, விட்டுருவேன்" என்றார். பச்சையானது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. வில்லையைப் பார்த்துப் பாடம் நடத்தினால் எவரும் சீக்கிரம் அங்கேதான் போய்ச் சேருவார்கள்.

எத்தனை பாடம் இருந்தாலும் தெளிமானி ஒன்றுதான். முதல் தெளிமானியைப் பார்த்துத்தான் மற்ற எல்லாம் செய்யப்பட்டன. ஆகவே தேடிப் போக வேறு கடையே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் மாற்றுப் பாடம் பக்கத்துக் கட்டிலில் கிடைத்தது. நிஷாவின் ஆய்வு வகுப்பறைப் பேச்சைப் பற்றியது. இதே கல்லூரியின் பழைய வகுப்புப் பதிவுகள் நூலகத்திலிருந்து அவளிடம் வந்திருந்தன. ஒவ்வொரு பெஞ்சுக்கும் தனி மைக் வைத்து யாரோ மெனக்கெட்டுப் பதிவுசெய்திருந்தார்கள். அதில் மின்தூக்கி வகுப்பும் இருந்தது.

குருபாதம் என்ற பேராசிரியர். நல்ல ஆசிரியர் என்று சொல்ல முடியாது. சாக்பீஸைக் கீச்சிட வைத்தார், பையன்களைத் திட்டினார், நடுவில் தன் வீட்டுக் குழாய் ரிப்பேரைப் பற்றிப் பேசினார். ஒரு நாள், "காலி லிஃப்ட். பிரேக் இல்ல. மேலயா கீழயா? நாளைக்கு வந்து சொல்லுங்கல" என்று போய்விட்டார். மறுநாள் பதிவைக் காணோம்.

பதில் இல்லாமல் விட்டுப் போன அந்தக் கேள்வி அவளை அரித்தது. மொட்டைமாடியில் தண்ணீர் இறைக்கும் பழைய கப்பி ஒன்று தொங்கியது. கயிற்றின் ஒரு முனையில் காலி டிபன் கேரியரைக் கட்டினாள். அது லிஃப்ட். மறுமுனையில் பாதி மணல் போட்ட இன்னொரு கேரியர். அது சமன் எடை. லிஃப்டில் பாதிப் பேர் ஏறினால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவு கனமாகத்தான் சமன் எடையை வைப்பார்கள் என்று பாடத்தில் கேட்டிருக்கிறாள். தொண்ணூற்றேழு மதிப்பெண்ணோடு கேட்டிருக்கிறாள். கையை விட்டாள்.

காலி கேரியர் விருட்டென்று மேலே போய்க் கப்பியில் மோதி, மிச்சமிருந்த சாம்பாரை அவள் முகத்தில் கொட்டியது.

காலி லிஃப்ட் மேல்நோக்கி விழும். கீழே விழாமல் தண்டவாளத்தைக் கவ்வும் ஆப்பு, மேலே போகும்போது கவ்வாது. அப்படியானால் அதைப் பிடிப்பது எது? இந்த விடுதி லிஃப்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா? முகத்தைத் துடைக்காமலே நின்றாள். ஒன்று தெரிந்ததும் இரண்டு கேள்வி வந்து நின்றது. காதுக்குப் பின்னால் வில்லை சிவந்து கிடந்தது. முப்பத்தொன்று.

அதற்குப் பிறகு அவள் மதிப்பு ஏறவே இல்லை. பாடம் கேட்கும்போதெல்லாம் கேள்வி வந்தது, கேள்வி வந்தபோதெல்லாம் வில்லை சிவந்தது. "உங்கள் புரிதல் சிதைந்துவருகிறது. ஓய்வெடுங்கள்" என்று செய்தி வந்தது. பிறகு கல்லூரியிலிருந்து ஒன்று: இறுதி மதிப்பு முப்பத்தெட்டு, பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது. திருநெல்வேலியில் லிஃப்ட் ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது. மாதக் கடைசிக்குள் பட்டத்தோடு போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அக்கா வீட்டுக்காரரின் பட்டாசுக் கடையில் போய் நிற்க வேண்டும்.

அவள் மறுபடி பதிவுகளுக்குப் போனாள். இந்த முறை பாடம் கேட்க அல்ல. ஒரு சத்தம் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. குருபாதம் "புரிஞ்சுதா?" என்று கேட்டதும் வகுப்பே ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்கிறது. அதே நொடியில் எங்கோ ஒரு கருவி சின்னதாகப் பீப் அடிக்கிறது. ஒவ்வொரு முறையும். கருவி எதையோ குறித்துக்கொள்கிறது.

மற்ற மைக்குகளை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சை மட்டும் கேட்டாள்.

"புரிஞ்சுது சார்." பீப். பிறகு கிசுகிசுப்பு.

"ஏல, உனக்குப் புரிஞ்சுதா?"

"வாய மூடுல. இல்லைன்னு சொன்னா முதல்ல இருந்து ஆரம்பிச்சிருவாரு. பிரியாணி வந்துட்டு."

இரண்டாவது குரல் அவளுக்குத் தெரிந்த குரல். வயதானால் குரல் கனக்கும், இழுவை மாறாது. துறைத்தலைவர் செண்பகராஜ்.

அவர் அறையில் அதைப் போட்டுக் காட்டினாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சிரிக்கவில்லை. அந்த வருஷம் தெளிமானிக்காரர்கள் வந்தார்கள் என்றார். தலையில் கம்பித் தொப்பி மாட்டிவிட்டார்கள். புரிதல் என்றால் என்ன என்று இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது, யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும். மாணவன் "புரிந்தது" என்று சொல்லும் நொடியில் மூளையில் என்ன ஓடுகிறதோ அதுதான் புரிதல் என்று வைத்துக்கொண்டார்கள். தொப்பி போட்டவர்களுக்கெல்லாம் பிரியாணி. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட்.

"வந்த இன்ஜினியர்மாரு வெளிநாட்டுல படிச்சவங்க. அங்கெல்லாம் புரியலைன்னா புரியலைன்னு சொல்லிருவாங்களாம். நம்பிட்டாங்க. வாத்தியார் புரிஞ்சுதான்னு கேட்டா இங்க எவன்மா இல்லைன்னு சொல்லுவான்? நீ சொல்லியிருக்கியா?"

அவள் யோசித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை ஒருமுறைகூட இல்லை.

"அப்ப இது அளக்கிறது, எப்படா விடுவாங்கங்கிற நெனப்பைத்தானா சார்?"

"பசியும் கொஞ்சம் கலந்திருக்கும்," என்றார் செண்பகராஜ்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் தன் காதுக்குப் பின்னால் இருந்த வில்லையைத் தடவினார். முதல் தெளிமானிப் பட்டம் அவருடையதுதானாம். நூற்றுக்கு நூறு. பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். காலையில் சாப்பிடாதே, பாடத்தை மறுபடி போட்டு, அது ஓடும்போது ஊருக்குப் போகிற பஸ்ஸை நினைத்துக்கொள், எண்பத்தைந்து தானாக வரும்.

அவள் அதைச் செய்து பார்க்காமல் இல்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். ஆனால் குரல் "அவ்வளவுதான்" என்று சொல்லும்போதெல்லாம் அதை ஏன் சொல்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தாள். கவனித்தால் சிவப்புதான். வேறு வழியில்லாமல், தெளிமானி அளப்பது புரிதலை அல்ல என்று கல்லூரிக்கு மனுப் போட்டாள்.

விசாரணை ஐந்தாம் மாடியில். குழுத் தலைவர் உலகம்மாள்புரத்தான், பதிவாளர் கிரேஸ் மனோரஞ்சிதம், கல்விக்குழு உறுப்பினர் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் சுவரில் அவர்களுடைய தெளிமானி எண்கள் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தன. மூவரும் தொண்ணூறைத் தாண்டினால்தான் விசாரணை செல்லும். அதிகாரிகள் மனுவைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்ற பழைய புகாருக்காக வந்த விதி அது. மனுதாரரின் எண்ணும் கீழே ஓடியது. செண்பகராஜ் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தன்னைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுப்பாளோ என்று அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. பதிவை மட்டும் போட்டாள். பிறகு கப்பியையும் கேரியர்களையும் எடுத்து, கையை விட்டுக் காட்டினாள். இந்தத் துறையில் பட்டம் வாங்கியவர்கள்தான் ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள், அவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள் என்றாள்.

மனோரஞ்சிதம் மேடம் முன்னால் சாய்ந்தார். "இரும்மா. மேலயா போவுது? கனம் குறைஞ்சா மேல போகுங்கிறது சரி, அப்ப மோட்டார் என்னத்தைத் தாங்குது?"

இத்தனை நாளில் பொன்சுதாவிடம் கேட்கப்பட்ட முதல் உண்மையான கேள்வி அது. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுவரில் மேடத்தின் எண் முப்பத்துமூன்றுக்குச் சரிந்து சிவந்தது. கருவி கீச்சிட்டது.

"மேடம், உங்களுது இறங்குது," என்றார் தலைவர், மெதுவாக, மேலாடை விலகியதைச் சொல்வது போல.

மேடம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். முகம் கறுத்தது. கேள்வியை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கீழே கேண்டீனிலிருந்து தாளிக்கிற வாசனை ஏறிவந்தது. உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்தார். பொன்சுதா பேசிக்கொண்டேயிருந்தாள். சுவரில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதும் தெரிந்தது. எழுபது. எண்பத்திரண்டு. அவளுடைய வாக்கியம் நடுவில் நின்றது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு.

"நல்லா புரிஞ்சுதும்மா," என்றார் தலைவர், அன்போடு. மனு முழுமையாகப் புரிந்துகொள்ளப்பட்டு முடிக்கப்பட்டது என்று எழுதச் சொன்னார்.

அவள் கேரியர்களைப் பையில் போட்டாள். அந்த அறையைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு கேள்விகூட இல்லை.

"பாத்தியா," என்று தலைவர் சுவரைக் காட்டிச் சிரித்தார். கீழ் வரிசையில் அவளுடைய எண் பச்சையாக நின்றது. தொண்ணூற்று நான்கு. "உனக்கும் தெளிஞ்சுட்டு. இதையே இறுதி மதிப்பா எடுத்துக்கலாம். பட்டத்தை வாங்கிட்டு நல்லபடியா வேலைக்குப் போம்மா."

வெளியே லிஃப்ட் திறந்து நின்றது. உள்சுவரில் போன மாதத்து ஆய்வுச் சான்று ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போட்டவன் அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவன், தொண்ணூற்றொன்பது வாங்கியவன். விசாரித்த மூவரும் ஏறினார்கள். பொன்சுதா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"வாங்க செண்பகராஜ், இடம் இருக்கு," என்றார் தலைவர்.

செண்பகராஜ் ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு எடுத்தார். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டு அவள் பின்னால் இறங்கிவந்தார். கதவு மூடும் சத்தம் கேட்டது. ஒரு மாடி இறங்கினார்கள்.

"ஏம்மா," என்றார். "மூணு பேரு ஏறியிருக்காங்க. இப்ப பிரேக் போச்சுன்னா மேலயா, கீழயா?"

"பெட்டி எத்தனை பேருக்கானது, சமன் எடையை எவ்வளவுக்கு வச்சிருக்காங்க, அதைப் பொறுத்தது சார். பாதிக்குக் கம்மியா ஆளு இருந்தா சமன் எடைதான் ஜெயிக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, நிறுத்தினார். இரண்டு படி இறங்கினார்.

"இல்லம்மா. புரியல."

அவர் காதுக்குப் பின்னால் வில்லை சிவந்து கீச்சிட்டது. கீழே மாணவர்கள் ஏறிவரும் சத்தம் கேட்டதும், அவர் அவசரமாகக் கையால் அதை மூடிக்கொண்டார்.