இருப்பிடச் சான்று

கேள்விக்குறி என்றால் கோகிலவாணிக்குப் பழக்கம். கையொப்பமிட்ட எந்தச் சான்றிதழைத் திறந்தாலும் அந்த மஞ்சள் கேள்விக்குறி பல்லை இளிக்கும். அதன்மேல் ஒரு தட்டு, 'நம்பலாம்' என்று இன்னொரு தட்டு, உடனே பச்சை டிக் விழும். யாருடைய கையொப்பம் என்று படித்துப் பார்த்து அவள் நம்பியதே கிடையாது. இன்று காவியாவின் இருப்பிடச் சான்றில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது.

"இன்னாம்மா, பச்சை வந்துச்சா? ஜீப்பு போய்டும்," என்றாள் காவியாவின் அம்மா செல்லம்மா, கோகிலவாணி வேலை பார்க்கும் இ-சேவை மையத்தின் வாசலில் நின்றபடி. "செகப்பா கீதுன்னு காலேஜ்ல திருப்பி அனுப்சிட்டாங்க. திருப்பத்தூர் ஆபீஸ்லயே போய்க் கேக்கட்டுமா?"

"வேணாங்க்கா. இங்கயே சரி பண்ணித் தர்றேன். டீ சாப்ட்டு வாங்க."

அங்கே ஒருவர் கிளறினால் போதும், இவள் குட்டு வெளிப்பட்டுவிடும். சான்றில் இருப்பது துணை வட்டாட்சியர் விஜயராஜின் கையொப்பம். இரண்டு மாதம் முன்பு அதைப் போட்டது என்னவோ இவள்தான். கம்ப்யூட்டர் என்றாலே கை உதறும் அந்த மனிதர், பென்டிரைவ் மாதிரி இருக்கும் கையொப்பச் சாவியையும் அதன் ரகசிய எண்ணையும் இவளிடமே விட்டுவைத்திருந்தார். இந்த மலையூரில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அருணகிரி என்ற தரகனுக்காக ஊரான் புளியந்தோப்பை இவள் மாற்றி எழுதியதும் அதே சாவியால்தான். விசாரணையில் அழுதார் மனுஷன். உன் கையொப்பம்தானே என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தார்கள். பாதகி, இவள் பக்கத்திலேயே நின்றும் வாய் திறக்கவில்லை. போன மாதம் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி பாஞ்சாலை இவளிடமிருந்து சாவியைப் பிடுங்கிப்போய், அவர் உள்ளங்கையில் வைத்து மூடி, அப்படியே புதூர்நாடு இடுகாட்டில் புதைக்கச் சொன்னாள்.

"இனிமே எவளும் அவரு கையெழுத்தப் போட வேணாம்."

செல்லம்மா நகர்ந்ததும் மூடுபனி படியேறி உள்ளே வந்தது. வெளியே குவித்திருந்த பலாப்பழ வாசனையோடு அப்போதுதான் வெட்டிய ஈர மண்ணின் நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏற, பிரிண்டருக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் ஓர் உரசல் கேட்டு அடங்க, கோகிலவாணி திரும்பிப் பார்க்காமல் கம்ப்யூட்டரின் தேதியைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சான்றை மறுபடி இறக்கினாள். சிவப்பு. சரிபார்க்கத் தேவையான மூலச் சான்றிதழ்களைப் புதிதாக நிறுவினாள். அப்போதும் சிவப்பு. கையொப்ப விவரத்தைத் திறந்தாள். 'ஆவணம் மாற்றப்பட்டுள்ளது' என்றிருந்தது. கையொப்பமிட்ட நேரம், இன்று, இந்த நிமிடம்.

மூடித் திறந்தாள். ஒரு நிமிடம் நகர்ந்திருந்தது.

சாவி இங்கே இல்லை. மண்ணுக்குள் இருக்கிறது. அதைச் செருகும் துளை காலியாகத்தான் இருந்தது. அதிலிருந்து பொலபொலவென்று ஈர மண் உதிர்ந்தது.

சான்றைப் பார்த்தாள். காவியாவின் பெயரைக் காணோம். கோகிலவாணி என்றிருந்தது. 'கீழ்க்கண்ட முகவரியில் நிரந்தரமாக வசித்து வருகிறார்.'

முகவரி: புதூர்நாடு இடுகாடு.

எழுந்து ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. மவுஸிலிருந்து கையும் வரவில்லை.

கையின் மேல் இன்னொரு கை இருந்தது.

சில்லென்ற கை. நகமெல்லாம் சேறு. அரிசித் தட்டில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைப்பதுபோல், அவசரமே இல்லாமல், அது அவள் விரலை நகர்த்திப் போனது. சான்றின் அடியில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. விண்ணப்பதாரர் கையொப்பம்.

ஒரு தட்டு.

குனிந்து பார்த்தாள். சிமெண்ட் தரை இல்லை. முழங்கால்வரை மண். இடுப்புவரை. இழுத்துக்கொண்டிருந்தது.

வாசலில் செல்லம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. "ஆச்சாம்மா?"

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

வாய் நிறைய மண்.